நெடும்பாசேரி விமான நிலையம்: யாரைக் கேட்டுக் கட்டினார்கள்?

நம் குடியிருப்பில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற வீடுகள் நிறைய. யாராவது துபாய்க்கோ தோஹாவுக்கோ கிளம்பினால் லிஃப்டில் பார்க்கிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "மதுரையா, கொச்சியா?" என்பதுதான். மதுரை நமக்குப் பக்கம். ஆனால் வளைகுடா நாடுகளுக்கு நேரடி விமானங்கள் கொச்சியில்தான் அதிகம். அதனால் கம்பம், போடி, தேனி, ஏன் எங்கள் கடமலைக்குண்டிலிருந்துகூட, குமுளி வழியாகவோ போடிமெட்டு ஏறி மூணாறு வழியாகவோ பெட்டிகளைக் கட்டிக்கொண்டு நெடும்பாசேரிக்குப் போகிறார்கள். கொச்சியில் தொடங்கி மூணாறு, போடி, தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி என்று தொண்டி வரை ஓடும் தேசிய நெடுஞ்சாலை 85 நம் வாசல் வழியாகத்தான் போகிறது.

அப்படிப் போய்வருகிற நீங்கள் அந்த இடத்தைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டுக்கூரை, மரத்தூண், கோயில் முன்மண்டபம் மாதிரி ஒரு தோற்றம். அது மத்திய அரசு கட்டியது அல்ல. பல ஆயிரம் பேர் பங்குப் பணம் போட்டுக் கட்டியது. இந்தியாவில் அப்படிக் கட்டப்பட்ட முதல் விமான நிலையம் அது. வங்கியில் வரவு செலவு எழுதியே காலம் கழித்தவன் என்பதால் எனக்கு இந்தக் கதையில் ஒரு தனி ருசி உண்டு. அதில் நம்மைப் போன்ற சங்கங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடமும் இருக்கிறது. இந்த இதழில் அதைச் சொல்கிறேன்.

பழைய நிலையம்

கொச்சியில் அதற்கு முன்பு விமான நிலையம் இல்லாமல் இல்லை. துறைமுகத்தை ஆழப்படுத்தும்போது தோண்டிய மண்ணைக் கொட்டி, ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர் உருவாக்கிய தீவு வெலிங்டன் தீவு. துறைமுக வேலையாக வந்துபோகும் அதிகாரிகளுக்காக 1936-ல் அந்தத் தீவில் ஒரு சிறிய ஓடுபாதை போட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் அது ராணுவத்துக்குப் பயன்பட்டது. சுதந்திரத்துக்குப் பின் கடற்படையின் கைக்கு வந்து, 1953-ல் ஐ.என்.எஸ். கருடா என்ற விமானத் தளமானது. அதன் ஒரு ஓரத்தில்தான் பொதுமக்களின் விமானங்களும் இறங்கி ஏறின.

இடம் அவ்வளவுதான். சுற்றிலும் காயல், துறைமுகம், கடற்படைக் கட்டடங்கள். பெரிய விமானம் இறங்க ஓடுபாதையை நீட்ட வேண்டும், நீட்ட இடமில்லை. கடற்படைத் தளத்துக்குள் பயணிகள் கூட்டம் பெருகுவது கடற்படைக்கும் வசதிப்படவில்லை. இந்தப் பக்கம் மத்திய கேரளத்திலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்களோ லட்சக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் ஊருக்கு வர பம்பாயில் இறங்கி ரயில் ஏற வேண்டும். இல்லையென்றால் திருவனந்தபுரத்திலோ, 1988-ல் திறந்த கோழிக்கோடு கரிப்பூரிலோ இறங்கி பல மணி நேரம் சாலையில் வர வேண்டும்.

1991-ல்தான் கொச்சிக்குப் புதிய விமான நிலையம் என்ற பேச்சு உறுதியாக எழுந்தது. அந்த வருஷத்தை நம்மில் வங்கியில் இருந்தவர்கள் மறக்க முடியாது. அந்நியச் செலாவணி தீர்ந்துபோய், ரிசர்வ் வங்கி 47 டன் தங்கத்தை இங்கிலாந்துக்கு அனுப்பிக் கடன் வாங்கிய வருஷம். அதுவரை விமான நிலையம் என்றால் மத்திய அரசு கட்டுவது என்பதே நடைமுறை. தங்கத்தை அடகு வைத்த அரசிடம் போய் விமான நிலையம் கட்டப் பணம் கேட்டால் என்ன பதில் வரும்?

முதல் கேள்வி: பணம் உள்ளவரைக் கேட்டது

அப்போது கேரள முதலமைச்சர் கே. கருணாகரன். எர்ணாகுளம் மாவட்ட ஆட்சியர் வி.ஜே. குரியன் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி. மத்திய அரசைக் காத்திருக்காமல், வெளிநாட்டில் இருக்கும் மலையாளிகளிடமே பணம் திரட்டலாம் என்று திட்டமிட்டார்கள். 1993-ல் இதற்காக ஒரு சங்கம் பதிவு செய்யப்பட்டது. முதலமைச்சர் தலைவர், குரியன் செயலாளர். ஆளுக்கு 5,000 ரூபாய் வட்டியில்லாக் கடனாகக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நாலு லட்சம் பேர் கொடுத்தால் 200 கோடி. கணக்கு காகிதத்தில் அழகாக இருந்தது.

பணம் வரவில்லை. ஐந்து கோடிகூடத் தேறவில்லை.

இதில் எனக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. டெபாசிட் மாதம் என்று வங்கியில் இலக்கு கொடுத்து எங்களை வீடு வீடாக அனுப்புவார்கள். கால் சதவீத வட்டி குறைந்தாலே "யோசித்துச் சொல்கிறேன்" என்று கதவைச் சாத்துகிற உலகம் இது. பாலைவன வெயிலில் சம்பாதித்த பணத்தை வட்டியும் இல்லாமல், உரிமையும் இல்லாமல், எப்போது திரும்பும் என்ற உறுதியும் இல்லாமல் கொடு என்றால் யார் கொடுப்பார்கள்? அது ஊர்ப்பாசம் இல்லாமல் போனதால் அல்ல. கேட்ட விதம் அப்படி.

அவர்கள் கேட்ட விதத்தை மாற்றினார்கள். 1994 மார்ச் 30 அன்று கொச்சி சர்வதேச விமான நிலைய நிறுவனம், சுருக்கமாக சியால், பொது வரையறுக்கப்பட்ட நிறுவனமாகப் பதிவானது. இப்போது கேட்டது கடன் அல்ல. பத்து ரூபாய் முகமதிப்புள்ள பங்கு. கொடுப்பவர் இனி நன்கொடையாளர் அல்ல, சொந்தக்காரர். கேரள அரசு ஒரு பங்கு போட்டது. ஏர் இந்தியா, பாரத் பெட்ரோலியம் போன்ற நிறுவனங்களும் சில வங்கிகளும் பங்கு எடுத்தன. ஹட்கோ கடன் கொடுத்தது. சுமார் 30 நாடுகளில் இருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்குதாரர் ஆனார்கள். அதே ஆட்கள், அதே பணம். கடன் என்று கேட்டபோது திறக்காத பை, பங்கு என்று கேட்டபோது திறந்தது.

இதை நம் குடியிருப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். லிஃப்ட் மாற்றவோ தண்ணீர்த் தொட்டி கட்டவோ "ஆளுக்கு இவ்வளவு கொடுங்கள்" என்று சுற்றறிக்கை அனுப்பினால் மூன்று நினைவூட்டல் போக வேண்டியிருக்கிறது. அதே தொகை கார்பஸ் நிதியில் அவரவர் பெயரில் நிற்கும், வீட்டை விற்றால் வாங்குபவருக்கு மாறும், வருஷா வருஷம் கணக்கு பொதுக்குழுவில் வரும் என்று எழுதிக் கொடுத்தால் கேள்விகள் குறைகின்றன.

இரண்டாவது கேள்வி: நிலம் உள்ளவரைக் கேட்டது

பணம் பாதி வேலைதான். ஆலுவாவுக்கும் அங்கமாலிக்கும் நடுவே நெடும்பாசேரியில் ஏறக்குறைய 1,300 ஏக்கர் வேண்டியிருந்தது. அது பொட்டல் காடு அல்ல. வயலும் வீடும் தோப்பும். 3,800-க்கும் மேற்பட்டவர்களின் பெயரில் இருந்த நிலம். 800-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மின்கம்பிகளையும் வாய்க்கால்களையும் சாலைகளையும் நகர்த்த வேண்டும்.

நிலத்தை விட்டுப் போ என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் வருசநாட்டுப் பக்கத்து ஆட்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நெடும்பாசேரியிலும் எதிர்ப்பு இருந்தது, மறியல் நடந்தது, நீதிமன்ற வழக்குகள் இருந்தன. ஆட்சியும் மாறிக்கொண்டே இருந்தது. 1994-ல் வேலை தொடங்கியபோது கருணாகரன், பிறகு ஏ.கே. அந்தோணி, 1996-லிருந்து இடதுசாரி அரசின் ஈ.கே. நாயனார். மூன்று முதலமைச்சர்களைத் தாண்டி ஒரு வேலை நிற்காமல் நடந்தது என்பதே நம் நாட்டில் செய்திதான்.

அங்கே நிலத்துக்கு விலை பேசியதோடு நிறுத்தவில்லை. வீடு இழந்த குடும்பங்களுக்கு மாற்று மனை கொடுத்தார்கள். விமான நிலையம் வந்தபின் அதில் உருவாகும் வேலைகளில் அவர்களுக்கு இடம் என்று ஒப்புக்கொண்டார்கள். டாக்ஸி ஓட்டுவது, சுமை தூக்குவது போன்ற வேலைகளில் நிலம் கொடுத்த குடும்பங்களின் ஆட்கள் சேர்ந்தார்கள். அடுத்தமுறை அங்கே பிரீபெய்ட் டாக்ஸியில் ஏறினால் ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். நீங்கள் இறங்கிய ஓடுபாதை அவர் தாத்தாவின் வயலாக இருந்திருக்கலாம்.

எல்லாருக்கும் நியாயம் கிடைத்தது என்று நான் எழுத மாட்டேன். வயலுக்குப் பதில் டாக்ஸி என்பது ஐம்பது வயது விவசாயிக்கு ஈடாகாது. ஆனாலும் காசோலையை நீட்டிவிட்டு அத்தோடு கைகழுவிய இடங்களைப் பார்க்கும்போது, இழந்தவரையும் உள்ளே சேர்த்துக்கொண்ட இந்த முறை மேல்.

திறந்த நாள்

1999 மே 25 அன்று குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் விமான நிலையத்தைத் திறந்துவைத்தார். ஜூன் 10 முதல் விமானங்கள் இறங்கின. கடற்படைத் தளத்திலிருந்த உள்நாட்டுச் சேவைகள் ஜூலை 1-க்குள் இங்கே மாறின. 3,400 மீட்டர் ஓடுபாதை. பெரிய விமானங்களும் இறங்கலாம். மொத்தச் செலவு சுமார் 283 கோடி ரூபாய்.

பங்கு வாங்கியவர்களுக்கு உடனே ஒன்றும் கிடைக்கவில்லை. 2003-04 கணக்கு ஆண்டிலிருந்துதான் டிவிடெண்ட் தொடங்கியது. முதலில் பணம் போட்டவர் ஏறக்குறைய பத்து வருஷம் காத்திருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் வருஷந்தோறும் வருகிறது. 2023-24-ல் வருமானம் முதல்முறையாக 1,000 கோடியைத் தாண்டி, 45 சதவீத டிவிடெண்ட் அறிவித்தார்கள். பத்து ரூபாய்ப் பங்குக்கு நாலரை ரூபாய். பங்கில் சுமார் மூன்றில் ஒரு பாகம் கேரள அரசுடையது என்பதால் லாபம் அரசு கஜானாவுக்கும் போகிறது.

2015 ஆகஸ்ட் 18 அன்று 45 ஏக்கரில் 12 மெகாவாட் சூரிய மின் நிலையம் திறந்து, முழுக்கச் சூரிய மின்சாரத்தில் இயங்கும் உலகின் முதல் விமான நிலையம் என்ற பெயரையும் வாங்கினார்கள். நம் மொட்டை மாடியில் சோலார் வைக்கலாமா என்று இரண்டு பொதுக்குழுவாகப் பேசிக்கொண்டிருக்கிறோமே, அவர்களும் 2013-ல் 100 கிலோவாட்டில்தான் ஆரம்பித்தார்கள்.

கேட்காமல் விட்ட ஒருவர்

இத்தோடு நிறுத்தினால் இது வெற்றிக் கதை. ஆனால் கட்டியவர்கள் கேட்காமல் விட்ட ஒருவர் இருந்தார். அவர் பெயர் பெரியாறு.

பெரியாறு நமக்கு அந்நியர் அல்ல. 1895-லிருந்து முல்லைப் பெரியாறு அணையில் தேங்கும் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்குக்கு வருகிறது. கடமலைக்குண்டு வழியாக வரும் மூல வைகையோடு சேர்ந்து வைகை அணைக்குப் போகிறது. நம் பக்கம் வராத தண்ணீர் மேற்கே இடுக்கி அணைக்குப் போய், கீழே ஆலுவா வழியாகக் கடலை நோக்கிப் போகிறது. அந்த ஆற்றின் வெள்ளச் சமவெளிக்குப் பக்கத்தில்தான் நெடும்பாசேரி. செங்கல்தோடு என்று ஒரு ஓடை அந்த வயல்களின் தண்ணீரைப் பெரியாற்றுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. ஓடுபாதைக்காக அதை மறித்து வேறு பக்கம் திருப்பினார்கள்.

மூல வைகைக் கரையில் வளர்ந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். வருஷத்தில் பல மாதம் ஆற்றில் மணல்தான் கிடக்கும். ஆடு மேயும், பையன்கள் பந்து விளையாடுவார்கள். ஆற்றின் உண்மையான அகலம் எவ்வளவு என்பது வெள்ளம் வருகிற அன்றைக்குத்தான் தெரியும். அதனால் பெரியவர்கள் கரையோரம் வீடு கட்ட விடமாட்டார்கள்.

2013 ஆகஸ்டில் முதல் எச்சரிக்கை வந்தது. இடமலையாறு அணை திறக்கப்பட்டு, ஓடுபாதையில் தண்ணீர் ஏறி விமான நிலையம் மூடப்பட்டது. சீக்கிரமே வடிந்ததால் மறந்துபோனது. 2018 ஆகஸ்டில் வந்தது பெருவெள்ளம். 26 வருஷத்துக்குப் பிறகு இடுக்கியின் செறுதோணி மதகுகள் திறந்தன. ஆகஸ்ட் 15 அதிகாலை விமான நிலையம் மூடப்பட்டது. முதலில் 18 வரை என்றார்கள், பிறகு 26 என்றார்கள், கடைசியில் 29 பிற்பகல்தான் திறந்தது. இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் சுற்றுச்சுவர் விழுந்தது. சூரியத் தகடுகள் தண்ணீரில் நின்றன. இழப்பு 200 கோடிக்கு மேல் என்று நிர்வாகம் கணக்கிட்டது. கட்டிய செலவு 283 கோடி என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்ணைப் படியுங்கள். அடுத்த மாதமே ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் உயரிய விருது சூரிய மின்சாரத்துக்காக அதே விமான நிலையத்துக்குக் கிடைத்தது. சூரியனைக் கேட்டார்கள், தண்ணீரைக் கேட்கவில்லை. 2019 ஆகஸ்டில் மறுபடியும் தண்ணீர் ஏறி, மறுபடியும் இரண்டு நாள் மூடினார்கள். அதன்பிறகுதான் ஓடைகளைத் தூர்வாரி அகலப்படுத்தி, தண்ணீர் போக வழி செய்யும் வேலைகளில் கோடிக்கணக்கில் செலவிட்டார்கள்.

கைகொடுத்த பழையது

அந்த இரண்டு வாரமும் கொச்சிக்கு விமானமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஆகஸ்ட் 20 அன்று பெங்களூரிலிருந்து அலையன்ஸ் ஏர் நிறுவனத்தின் சிறிய ஏ.டி.ஆர். விமானம் ஒன்று வந்து இறங்கியது. எங்கே தெரியுமா? வெலிங்டன் தீவில், ஐ.என்.எஸ். கருடாவில். 19 வருஷத்துக்கு முன் "இது போதாது" என்று விட்டுவந்த அதே பழைய ஓடுபாதை. பெரிய விமானங்களுக்கு அது அன்றும் போதாதுதான். வளைகுடா விமானங்கள் திருவனந்தபுரத்துக்கும் கோழிக்கோட்டுக்கும் போயின. ஆனால் தண்ணீரில் தத்தளித்த ஊருக்கு அந்த நேரத்தில் சிறிய கதவு ஒன்று திறந்திருந்ததே பெரிய விஷயம்.

கடற்படை பயன்படுத்தி வந்ததால் பழையது உயிரோடு இருந்தது. எல்லா ஊரிலும் அப்படி இல்லை. 2008-ல் ஐதராபாத்தில் சம்ஷாபாத் திறந்தபோது பேகம்பேட்டையில் பயணிகள் சேவை நின்றது. அதே வருஷம் பெங்களூரில் தேவனஹள்ளி திறந்தபோது பழைய ஹெச்.ஏ.எல். நிலையத்தில் வழக்கமான பயணிகள் சேவையை நிறுத்திவிட்டார்கள். புதியதைக் கட்டியவர்களுக்கு லாபம் குறையக்கூடாது என்பதற்காக, 150 கிலோமீட்டர் சுற்றளவில் 25 வருஷத்துக்கு வேறு விமான நிலையம் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். பழையதை மூடாதே என்று ஊர்க்காரர்கள் போராடியும் பலிக்கவில்லை. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கம் வரை படித்துக் கையெழுத்துப் போடுங்கள் என்று வங்கியில் நாங்கள் சொல்வது இதற்குத்தான்.

நமக்கு என்ன?

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. சென்னையின் இரண்டாவது விமான நிலையம் காஞ்சிபுரம் மாவட்டம் பரந்தூரில் என்று 2022 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. ஐயாயிரம் ஏக்கர் அளவில் பேசப்படும் திட்டம். ஏகனாபுரம் கிராமத்தார் அன்றிலிருந்து எதிர்த்து வருகிறார்கள். அவர்கள் சொல்வதில் வீடும் வயலும் மட்டும் இல்லை. ஏரிகளும், அந்த இடத்தின் ஊடே போகிற கம்பன் கால்வாயும் இருக்கின்றன. வேண்டுமா வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. சென்னைக்குக் கூட்டம் பெருகியிருப்பது உண்மை. ஆனால் நெடும்பாசேரிக் கணக்கைப் பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். அங்கே பணம் போட்டவரை உள்ளே சேர்த்தார்கள், பணம் வந்தது. நிலம் கொடுத்தவரை ஓரளவு உள்ளே சேர்த்தார்கள், வேலை நடந்தது. தண்ணீரின் வழியைக் கேட்காமல் மறித்தார்கள், அது இருபது வருஷம் கழித்து வந்து கட்டிய செலவில் பெரும்பகுதியை வசூலித்துக்கொண்டு போனது. கேட்க வேண்டியவர்களைத் தொடக்கத்திலேயே கேட்டால் செலவு குறைவு. பிறகு கேட்டால் வட்டியோடு கட்ட வேண்டும்.

இது விமான நிலையத்துக்கு மட்டும் இல்லை. நம் வளாகத்தின் பின்புறம் மழைநீர் போகிற பழைய வாய்க்காலின் மேல் இன்னும் நாலு கார் நிறுத்த இடம் செய்யலாம் என்று ஒரு யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. அடுத்த பொதுக்குழுவில் அது வாக்கெடுப்புக்கு வரும்போது கையைத் தூக்குவதற்கு முன், ஐப்பசி மழையில் அந்த வாய்க்கால் எவ்வளவு தண்ணீர் எடுக்கிறது என்று தரைத்தளத்து வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.